மூச்சு விடக் கற்றுக்கொண்ட எழுத்தாளர்

ஜப்பானில், நீகாட்டா மாகாணத்தில், கடலோரமாக முரகாமி என்று ஒரு ஊர் இருக்கிறது. அதே பெயரைக் கொண்ட ஹருகி முரகாமி என்கிற எழுத்தாளர் 2000-ஆம் ஆண்டு அந்த ஊருக்கு ஒரு போட்டிக்குப் போனார். கடலில் ஒன்றரை கிலோமீட்டர் நீந்த வேண்டும். கரையேறி, ஈரம் சொட்டச் சொட்ட 40 கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க வேண்டும். இறங்கிய கையோடு 10 கிலோமீட்டர் ஓட வேண்டும். டிரையத்லான் என்று பெயர். முரகாமி அன்றைக்கு சைக்கிள் வரைக்கும்கூடப் போகவில்லை. தண்ணீரில் இறங்கியதும் உடம்பு விறைத்தது, மூச்சு சிக்கியது, கை கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. தகுதி இழந்தார்.

ஆள் ஒன்றும் சோப்ளாங்கி இல்லை. 1982-ல் ஓட ஆரம்பித்து, வருஷத்துக்கு ஒரு மாரத்தான் என்று வைத்துக்கொண்டவர். 1996-ல் சரோமா ஏரிக்கரையில் 100 கிலோமீட்டரை ஒரே நாளில் ஓடி முடித்தவர். நீச்சல் குளத்தில் வேண்டிய மட்டும் நீந்திப் பழகியும் இருந்தார். அப்படிப்பட்டவருக்குக் கடலில் மட்டும் என்ன வந்தது?

இந்தக் கேள்விக்கு அவர் தேடிக் கண்டுபிடித்த பதில்தான், என்னைக் கேட்டால், 'வாட் ஐ டாக் அபவுட் வென் ஐ டாக் அபவுட் ரன்னிங்' என்ற புத்தகத்தின் நிஜமான சரக்கு. ஜப்பானிய மொழியில் 2007-லும், ஃபிலிப் கேப்ரியலின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 2008-லும் வந்தது. தலைப்பை ரேமண்ட் கார்வரின் சிறுகதைத் தொகுப்பு ஒன்றிலிருந்து எடுத்துக்கொண்டார். கார்வரை ஜப்பானிய மொழிக்குக் கொண்டுபோனவரே இவர்தான் என்பதால் கடன் வாங்குகிற உரிமை உண்டு.

புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஓட்டத்தைப் பற்றியே பேசுகிறார்கள். தலைப்பே அப்படி. ஓடுவதும் நாவல் எழுதுவதும் ஒன்று, இரண்டுக்கும் தம் கட்ட வேண்டும் என்கிற சமாச்சாரத்தை எழுத்தாளர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அந்தப் பக்கங்கள் அவ்வளவாக ஒட்டவில்லை. அங்கே முரகாமி ஜெயித்துவிட்ட மனிதர். தான் எப்படிப்பட்ட ஆசாமி என்று பத்துப் பக்கத்துக்கு ஒரு தடவை நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அடக்கமாகத்தான் சொல்கிறார், ஆனால் அடக்கத்தையும் இத்தனை முறை சொன்னால் கொஞ்சம் அலுக்கும். கடைசி இரண்டு அத்தியாயங்களில் ஆள் தண்ணீருக்குள் வந்த பிறகுதான் புத்தகத்துக்கு உயிர் வருகிறது. ஏனென்றால் அங்கே அவருக்குத் தெரியவில்லை. தெரியாதவன் எழுதும்போது ஒவ்வொரு வரியும் கவனமாக இருக்கும்.

என்ன நடந்தது? முதலில் அவருக்கே விளங்கவில்லை. பயம் என்று அவர் நினைக்கவே இல்லை. அத்தனை வருஷம் உடம்பை ஓட்டித் தேய்த்தவர், தன் உடம்பு தன்னை இப்படிக் காலை வாரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஹோனலூலுவில் கலந்துகொண்ட ஒரு டிரையத்லானிலும் இதே மூச்சுத் தகராறு. அப்புறம்தான் பிடிபடுகிறது. தண்ணீரில் இறங்குவதற்கு முன்னாலேயே, கரையில் நிற்கும்போதே, படபடப்பில் அவர் வேக வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். மருத்துவர்கள் ஹைப்பர்வென்டிலேஷன் என்பார்கள். தான் பதற்றமாக இருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாத அளவுக்கு அமைதியான பதற்றம்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாம் மூச்சுக்குத் தவிப்பது பெரும்பாலும் ஆக்ஸிஜன் குறைவதால் இல்லை, கார்பன் டை ஆக்ஸைடு சேர்வதால். படபடப்பில் வேகவேகமாக மூச்சு விட்டால் அந்தக் கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியே போய்விடும். தலை கிறுகிறுக்கும், விரல் மரத்துப்போகும், நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குவது போலிருக்கும். காற்று போதவில்லை என்று தோன்றும். உடனே இன்னும் வேகமாக இழுப்போம். இன்னும் மோசமாகும். தரையில் என்றால் திண்ணையில் உட்கார்ந்து ஒரு சோடா குடித்தால் சரியாகிவிடும். கழுத்தளவு கடலில், சுற்றிலும் நூறு பேர் கையையும் காலையும் வீசிக்கொண்டிருக்கும்போது திண்ணைக்கு எங்கே போவது?

புதிதாக நீந்துகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல், நேர் எதிரானது. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது பயத்தில் மூச்சை அடக்கி வைத்துக்கொள்வார்கள். தலையைத் திருப்பினால் கிடைக்கிற அரை வினாடியில் பழைய காற்றை வெளியே விடவும் வேண்டும், புதுக் காற்றை இழுக்கவும் வேண்டும். இரண்டும் நடக்காது. நாலு தடவை கை வீசியதும் நெஞ்சு வெடிக்கும். நல்ல பயிற்சியாளர் முதலில் கற்றுக்கொடுப்பது நீந்த அல்ல, தண்ணீருக்குள் குமிழி குமிழியாக மூச்சை முழுசாக வெளியே விட.

ஆக, விஷயம் மூச்சு. வீரமும் கோழைத்தனமும் அப்புறம்தான். முரகாமி இதைப் புரிந்துகொண்ட விதத்தில்தான் அவருடைய எழுத்துக்கும் நம் ஊர்ப் பத்திரிகை எழுத்துக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது.

நம் ஊரில் இந்த மாதிரிக் கதைக்கு ஒரு அச்சு உண்டு. நான் வேலை பார்க்கும் தொழிலில் அந்த அச்சில் வார்த்த கட்டுரைகள் வாரத்துக்கு நாலு வரும். 'பயத்தை வென்ற வங்கி ஊழியர்', 'தண்ணீரைக் கண்டு நடுங்கியவர் இன்று கடலைக் கடக்கிறார்!' முதல் பத்தியில் நடுக்கம். இரண்டாவது பத்தியில் ஒரு நாள் காலை கண்ணாடி முன்னால் நின்று எடுத்த முடிவு. மூன்றாவது பத்தியில் கழுத்தில் மெடல். நடுவில் என்ன நடந்தது, யார் சொல்லிக்கொடுத்தார்கள், எத்தனை மாசம் ஆச்சு, எவ்வளவு செலவு, எத்தனை தடவை பாதியில் திரும்பினார் என்று ஒரு வரி இருக்காது. தன்னம்பிக்கை இருந்தா போதும், அவ்வளவுதான்.

மிலிந்த் சோமன் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015 ஜூலையில், ஐம்பது வயதுக்கு நாலு மாசம் இருக்கும்போது, சூரிச்சில் அயர்ன்மேன் போட்டியை முடித்தார். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அப்புறம் ஒரு முழு மாரத்தான், எல்லாம் ஒரே நாளில். நாடே கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்த மனிதர் மாடலிங்குக்கு வருவதற்கு முன் தேசிய நீச்சல் சாம்பியன், 1984 தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவுக்காக நீந்தியவர். இந்தத் தகவல் பல கட்டுரைகளில் கடைசி வரியில் இருந்தது. 'ஐம்பதிலும் முடியும்' என்ற தலைப்பைப் படித்துவிட்டுக் கடலில் இறங்கத் தயாராகும் நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு முதல் வரியில் தெரிய வேண்டிய தகவல் அது.

நம்மிடம் நிஜமான நீச்சல் வீரர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். குற்றாலீஸ்வரன் 1994-ல் பன்னிரண்டு வயதில் பாக் ஜலசந்தியை நீந்தினார், 1996-ல் ஆங்கிலக் கால்வாய். ஆனால் அந்தப் பையனைப் பற்றி நாம் எழுதியதெல்லாம் பிறவி அசகாய சூரனைப் பற்றி எழுதுவது போலத்தான். சூரனைக் கொண்டாடலாம். சூரனிடமிருந்து சாதாரண ஆள் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

இதில் இவ்வளவு கோபப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. 2017-ல் 'அனல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்' என்ற அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. 1985 முதல் 2016 வரை அமெரிக்க டிரையத்லான்களில் நேர்ந்த மரணங்களையும், இதயம் நின்றுபோய்ப் பிழைக்க வைக்கப்பட்டவர்களையும் கணக்கெடுத்தார்கள். மொத்தம் 135 பேர். அதில் 90 பேருக்கு அது நடந்தது நீச்சல் கட்டத்தில். மூன்றில் மிகக் குறைந்த நேரம் எடுப்பது நீச்சல்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்ணை இன்னொரு தடவை பாருங்கள். சராசரி வயது 47-ஐ ஒட்டி. பெரும்பாலும் ஆண்கள். பிரேதப் பரிசோதனை நடந்தவர்களில் கணிசமானவர்களுக்கு இருதயக் கோளாறு இருந்தது. பீதி கிளப்பக் கூடாது என்பதால் இதையும் சொல்கிறேன்: கலந்துகொண்டவர்களில் லட்சத்துக்கு இரண்டு பேருக்கும் குறைவு. ஆனால் நெஞ்சு அடைக்கும்போது 'இது வெறும் பயம், உதறித் தள்ளு' என்று ஒருவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்வது எவ்வளவு ஆபத்தான அறிவுரை என்பதற்கு இந்த எண் போதும்.

எங்கள் ஊர் அவனியாபுரத்தில் தை முதல் நாள் ஜல்லிக்கட்டு. மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர். வாடிவாசல் முன்னால் நிற்கிற பையன்களைப் பற்றி யாரும் தன்னம்பிக்கைக் கட்டுரை எழுதுவதில்லை. ஏனென்றால் அங்கே பயம் எல்லோருக்கும் உண்டு என்பதை ஏற்பாடே ஒப்புக்கொள்கிறது. மாடுபிடிக்கிறவருக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. குடித்திருக்கிறாரா என்று ஊதச் சொல்வார்கள். தரையில் தென்னை நார் கொட்டியிருப்பார்கள். இரண்டு அடுக்குத் தடுப்பு, ஆம்புலன்ஸ், சுற்றுக்கு இத்தனை பேர் என்று கணக்கு, அவர்களுக்குக் கலர் பனியன். எத்தனையோ பேரைப் பறிகொடுத்து, கோர்ட் படியேறி, சட்டம் போட்டு வந்த ஒழுங்கு அது. அப்படியும் ரத்தம் சிந்தாத வருஷம் இல்லை. ஆனால் 'தைரியம் இருந்தால் இறங்கு' என்பதோடு யாரும் நிறுத்திக்கொள்வதில்லை.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் நாம் அங்கேயே நிற்கிறோம். மதுரைக்காரனுக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவே விசித்திரமானது. அழகர் ஆற்றில் இறங்குவதற்கே அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட வேண்டிய ஊர் இது. மாரியம்மன் தெப்பக்குளத்தில் பல வருஷம் பையன்கள் கிரிக்கெட்தான் ஆடினார்கள். கிராமத்துப் பக்கம் என்றால் பம்புசெட் கிணறு. முதுகில் சுரைக்குடுக்கை கட்டித் தாய்மாமன் தூக்கிப் போடுவார். தத்தளித்து மேலே வந்தால் நீச்சல் தெரிந்த மாதிரி. டவுன் பக்கம் வேறு கதை. ஜாதகத்தில் 'தண்ணியில கண்டம்' என்று எவராவது எழுதி வைத்திருப்பார். அந்தக் காரணத்துக்காகவே பையனைத் தண்ணீர்ப் பக்கம் விட மாட்டார்கள். தண்ணீரில் கண்டம் உள்ள பையனுக்குத்தானே முதலில் நீச்சல் சொல்லித்தர வேண்டும்? இதை நான் கேட்டு வீட்டில் யாரும் ரசிக்கவில்லை.

எங்கள் தெருவில் இன்ஷூரன்ஸ் கம்பெனி உத்தியோகஸ்தர் ஒருவர் இருக்கிறார். நாற்பதைத் தாண்டியவர். விடியற்காலை ஏர்போர்ட் ரோட்டில் ஓடுவார். ஞாயிற்றுக்கிழமை திருமங்கலம் தாண்டி சைக்கிளில் போய் வருவார். ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியம் நீச்சல் குளத்திலும் பழகிவிட்டார். குட்டி டிரையத்லான் ஒன்றிரண்டு முடித்திருக்கிறார், அதெல்லாம் குளத்தில் நீந்துகிற வகை. கோவாவில் 2019-ல் அரை அயர்ன்மேன் போட்டி வந்ததிலிருந்து இந்த வட்டாரங்களில் அதுதான் கனவு: கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 சைக்கிள், 21 ஓட்டம். இவருக்கும் அதே கனவு. கடலில்தான் பிரச்சினை.

"குளத்துல நாப்பது தடவை போயிட்டு வர்றேன்ணே. கடல்ல இறங்குனா நாலே நிமிஷம், நெஞ்சை அடைக்குது. அடி தெரிய மாட்டேங்குது, சுவர் இல்ல, கோடு இல்ல. கூட வந்த பயலுக 'மனசுதான் மாமா காரணம்'ங்கிறாய்ங்க."

முரகாமி புத்தகத்தை அவரிடம் கொடுத்தேன். அவர் கதை கிதை படிக்கிறவர் இல்லை. இரண்டு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தவர், நான் படித்த எந்த மதிப்புரையிலும் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"எல்லாம் சரிண்ணே. அந்த நாலு வருஷம் என்ன பண்ணாரு?"

புத்தகத்தின் பெரிய ஓட்டை அதுதான். தோற்றதற்குப் பிறகு, 2001 முதல் 2004 வரை முரகாமி டிரையத்லான் பக்கமே போகவில்லை. அதிர்ச்சியிலிருந்து மீளக் கொஞ்சம் காலம் ஆனது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். கணக்குப் பிள்ளைகளுக்கு இந்த வித்தை தெரியும். நான் பி.காம். படித்த காலத்தில் டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் வித்தியாசத்தைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டுவிட்டு மேலே போகச் சொல்வார்கள். முரகாமி நான்கு வருஷத்தை அப்படியே சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டுவிட்டார். காலணியின் தேய்மானத்தையும் மாதாந்திரக் கிலோமீட்டரையும் பைசா பைசாவாகக் கணக்கு எழுதுகிற மனிதர், தண்ணீரைப் பார்க்கப் பிடிக்காத அந்த நாட்களுக்கு ஒரு பக்கம்கூட ஒதுக்கவில்லை. எங்கள் தெருக்காரர் இப்போது இருப்பது அந்தப் பக்கத்தில்தான்.

ஆனால் அதற்கு அடுத்து வருவதில் அவர் ஏமாற்றவில்லை. நீச்சல் கற்றுக்கொடுக்கச் சரியான ஆளைத் தேடுகிறார். நன்றாக நீந்துகிறவர்கள் எத்தனையோ பேர், சொல்லித்தரத் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு என்கிறார். இதை எந்தத் துறையில் வேண்டுமானாலும் பொருத்திப் பாருங்கள். கடைசியில் ஒரு பெண் பயிற்சியாளர் கிடைக்கிறார். அவர் 'பயப்படாதே' என்று ஒரு வார்த்தை சொன்னதாக இல்லை. முதலில் அவர் நீந்துவதைப் பார்க்கிறார், என்ன வேண்டும் என்று கேட்கிறார். அப்புறம் மெக்கானிக் இன்ஜினைப் பிரித்துப் போடுவது மாதிரி, அவர் தானாகக் கற்றுவைத்திருந்த நீச்சலைப் பிரித்துப் போட்டு ஒவ்வொரு அசைவாகத் திருத்துகிறார். திருத்தம் நடந்துகொண்டிருக்கும்போது பழையபடியும் நீந்த வராது, புதுசும் கைகூடாது. ஐம்பதைத் தாண்டிய, உலகப் புகழ் பெற்ற மனிதர் ஒருவர் இதற்கு ஒத்துக்கொண்டு குளத்தில் நிற்கிறார். அந்தப் பக்கங்களில் முரகாமி காட்டும் பணிவு நிஜமானது. தான் எப்படிப்பட்டவன் என்று அங்கே அவர் பேசுவதே இல்லை. சொன்னதைச் செய்கிறார்.

அந்தப் பெண்மணிக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம் என்பது என் குறை. 2023-ல் வந்த 'நயாட்' படம் இந்த ஒரு விஷயத்தில் நேர்மையானது. 2013-ல் 64 வயதில் க்யூபாவிலிருந்து ஃப்ளோரிடாவுக்கு நீந்திய டயானா நயாடின் கதை. அனெட் பெனிங் நயாடாக நடித்தார். ஆனால் மனதில் நிற்பது பயிற்சியாளராகப் படகில் நிற்கும் ஜோடி ஃபாஸ்டர்தான். மற்றபடி அந்தப் படம் நம்முடைய 'பயத்தை வென்றார்' கட்டுரைகளின் ஹாலிவுட் பதிப்பு. விடாமுயற்சி, சங்கீதம், கரை. நயாடின் சாதனைக்கு நீச்சல் அமைப்புகளின் முறையான அங்கீகாரம் கிடைக்காத கதையைத் தனியாகத் தேடித்தான் படிக்க வேண்டும்.

முரகாமியிடம் இன்னொரு கேள்வியும் உண்டு. பணம். ஹவாயில் பயிற்சி, தனிப் பயிற்சியாளர், டைட்டானியம் சைக்கிள், நினைத்த நேரத்துக்கு ஓடலாம் என்கிற எழுத்தாளர் வாழ்க்கை. சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவன் இதில் எதைக் காப்பியடிக்க முடியும்? மதுரையில் கடல் நீச்சல் பழக வேண்டும் என்றால் முதலில் மூன்று மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும். கண்மாய் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். வெள்ளக்கல் குப்பைக் கிடங்கை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் அவனியாபுரத்துக்காரனிடம் கண்மாய்த் தண்ணீரைப் பற்றிப் பேசக் கூடாது.

காசில்லாமல் எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று இருக்கிறது. கரையில் நிற்கும்போது தன் மூச்சைக் கவனிப்பது. எங்கள் தெருக்காரர் புத்தகத்தில் அடிக்கோடு போட்டிருந்த ஒரே இடம் அதுதான் (என் புத்தகம், பேனாவில்!). இப்போது அவர் மண்டபம் பக்கம் போகும்போது நேராக நீந்தப் போவதில்லையாம். இடுப்பளவு தண்ணீரில் நின்று, முகத்தை முக்கி, பத்து நிமிஷம் குமிழி விடுகிறார். பக்கத்தில் தெரிந்த ஆள் ஒருவர் நிற்கிறார். போவதற்கு முன் டாக்டரிடம் ஒரு டிரெட்மில் டெஸ்ட்டும் எடுத்துவிட்டார். "பாக்குறவன் என்னமோ குளிக்கத் தெரியாதவன்னு நெனைக்கிறான்ணே" என்கிறார். கோவா இந்த வருஷம் இல்லை.

முரகாமி 2006 அக்டோபர் 1-ஆம் தேதி மறுபடியும் அந்த ஊருக்கே போனார். 57 வயது. கடலில் இறங்கினார். இந்த முறை மூச்சு ஒழுங்காக வந்தது. ஆனால் கண் தெரியவில்லை. கண்ணாடி மங்கி, எங்கே போகிறோம் என்றே புரியாமல் கோணல்மாணலாக நீந்துகிறார். காரணம் பிற்பாடுதான் தெரிகிறது. உடம்பெல்லாம் வாசலின் பூசிக்கொண்ட விரல்களாலேயே நீச்சல் கண்ணாடியைத் துடைத்திருக்கிறார். ஆறு வருஷம் மூச்சோடு மல்லுக்கட்டி, கடைசியில் வாசலின். முரகாமி இதை எழுதும்போது சந்தோஷமாக இருக்கிறார் என்பது வரிகளில் தெரிகிறது. போட்டியை முழுசாக முடித்தார்.

மெல்லிசான புத்தகம். இரண்டு ராத்திரியில் படித்துவிடலாம். எட்டாவது, ஒன்பதாவது அத்தியாயங்களை முதலில் படியுங்கள். ஓட்டப் பக்கங்கள் எங்கேயும் போய்விடாது.